ஒரு மணி நேரம் பிந்தி வரும் சேனல்

எங்கள் வீட்டு டிவி ரிமோட் அம்மாவின் கார்டிகன் ஸ்வெட்டர் பையில்தான் இருக்கும். டீ போட அவள் எழுந்தால் அதுவும் கூடவே எழுந்து போகும். யாரிடமிருந்து அதைக் காப்பாற்றுகிறாள் என்று எனக்கு விளங்கியதே இல்லை. வீட்டில் இருப்பது அவளும் நானும்தான். அப்பா பிரிட்லிங்டனில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போன பிறகு, ரிமோட்டுக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

அம்மா பெயர் இவோன். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சனிக்கிழமை, எங்கள் துறைமுக ஊரான ஹல்லின் பஸ் நிலையத்தில், கையில் காய்கறிப் பையோடு நின்றவளுக்குத் திடீரென்று மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை, பயம்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் பஸ் ஏறவில்லை. கொஞ்ச நாளில் கடைத்தெரு வேண்டாம் என்றாள். பிறகு மூலைக்கடை வேண்டாம், பிறகு வாசல் கேட் வேண்டாம். கடைசியில் முன்கதவுக்கு உள்ளே கிடக்கும் மிதியடிதான் எல்லை என்று ஆகிவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கவுன்சலிங் செய்ய ஒரு பெண் வீடு தேடி வந்து, சோபாவில் உட்கார்ந்து, மூச்சை எண்ணச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா சொன்னபடி எண்ணினாள். எண்ணிக்கொண்டே வீட்டுக்குள் இருந்தாள்.

அவளோடு நானும் இருந்தேன். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் பேக்கரி வேலை, மதியத்திலிருந்து வீடு. பால் வாங்கப் போய்க் கொஞ்சம் பிந்தினால் செல்போன் அடிக்கும்.

"எங்கடி இருக்கே?"

"கடையிலம்மா. வரிசை."

"யார் யார் நிக்கிறாங்க?"

"ஒரு கிழவர். ஒரு பொம்பளை, கூட நாய்."

"நாயை உள்ள விட்டிருக்காங்களா? என்ன நாய்?"

நான் அந்த நாயை வர்ணித்தபடி கல்லாவுக்கு நகர்வேன். என் கூடப் படித்தவர்கள் லீட்ஸ், மான்செஸ்டர் என்று கிளம்பிப் போய், கிறிஸ்துமஸுக்குப் புது முடிவெட்டோடு வந்தார்கள். எனக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் கிடைக்கும் வரவேற்பு ஒன்றே ஒன்றுதான்: "கதவை மூடு! சூடெல்லாம் வெளியே போகுது!" நவம்பரோ ஜூலையோ, ஹீட்டர் எரிகிறதோ இல்லையோ, எங்கள் வீட்டில் குழந்தைக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே அதுதான்.

அந்த ஜப்பான் கார்ட்டூன் எங்களுக்குப் பழக்கமானது, பள்ளி விட்டு நான் வந்ததும் போட வேறு எதுவும் இல்லாததால். பிள்ளைகளுக்கான ஒரு சேனலில் தினமும் ஐந்து மணிக்கு வரும். கடல் பொங்கி ஊரெல்லாம் முழுகிவிட்டது. நடுக்கடலில் ஒரு கோபுரம். அதில் ஒரு சின்னப் பெண். அவளுக்குக் காவல், இரும்பாலான ஒரு பெரிய உருவம். ஜப்பானில் அவள் பெயர் சயோ. இங்கே சாலி ஆக்கிவிட்டார்கள். குரல் கொடுத்தவர்கள் அமெரிக்கர்கள். சாலி சோற்று உருண்டையைக் கையில் பிடித்துக் கடித்துக்கொண்டே, "இந்த சாண்ட்விச் பிரமாதம்!" என்பாள். பிள்ளைகளுக்குக் கண் தெரியாது என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஒவ்வொரு நாளும் யாராவது கோபுரக் கதவைத் தட்டுவார்கள். படகுக்காரன், பாட்டுக்காரி, சிறகு ஒடிந்த பறவை. சாலி ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைப்பாள். இரும்பு உருவம் குறுக்கே வந்து நிற்கும். "வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்," என்று சொல்லும். ஒவ்வொரு நாளும் அதே வார்த்தை, அதே குரல்.

அம்மா அதற்குத் தகரடப்பா என்று பெயர் வைத்தாள். "பாருடி, அந்தப் பொண்ணு அப்படியே நான்தான்," என்பாள். "வெளிய போகணும்னு ஆசை இருக்கு. முடியலை. அந்தத் தகரடப்பா மாதிரி ஒண்ணு எனக்குள்ள குறுக்க நிக்குது. டாக்டருக்கு இது புரியுதா? ஜப்பான்காரனுக்குப் புரிஞ்சிருக்கு."

நானும் தலையாட்டுவேன். சில நாள் அழுகைகூட வரும்.

ஆனால் இந்தக் கதைக்கு முடிவே வராது. ஒரு நாள் தகரடப்பா தூங்கிப்போகும். சாலி தாழ்ப்பாளைப் பாதி இழுப்பாள். அந்த இடத்தோடு சேனல்காரர்கள் வாங்கி வைத்திருந்த சரக்கு தீர்ந்துவிடும். திங்கட்கிழமை ஐந்து மணிக்கு மறுபடி முதல் பகுதி. சாலி மறுபடி குட்டிப் பெண்ணாகித் தொட்டிலில் மிதந்து கோபுரத்துக்கு வந்து சேருவாள். இப்படி எத்தனை சுற்று பார்த்தோம் என்பதே மறந்துபோயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு டிவி மேல் செருப்பை எறியத் தோன்றும். அம்மாவுக்கு மட்டும் அந்தத் திங்கட்கிழமைகள் பிடிக்கும். "பாவம், திரும்ப வந்துட்டா," என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள்.

பக்கத்து வீட்டு நோரின் ஆன்ட்டி பின்பக்கச் சந்து வழியாக, தட்டாமல் கொள்ளாமல் உள்ளே வருவாள். "ரெண்டு கழுதை உட்கார்ந்து பொம்மைப் படம் பாக்குது," என்பாள். "இதையே போன மாசமும் பார்த்தீங்களேடி? அந்தப் பிள்ளைக்கு இன்னும் கதவு திறக்கத் தெரியலையா?" நோரினுக்கு வாய் அதிகம். ஆனால் எனக்கு வேலை வாங்கித் தந்தது அவள்தான். அவள் மச்சினன் கடலுக்கு அக்கரையில் இருக்கும் ராட்டர்டாமுக்குப் போகும் கப்பலில் சமையல்காரன். ஹல்லிலிருந்து தினமும் சாயங்காலம் கிளம்பும் கப்பல். அறைகளைச் சுத்தம் செய்ய, படுக்கை விரிக்க ஆள் வேண்டும் என்றான். ரெண்டு வாரம் கப்பலில், ஒரு வாரம் வீட்டில்.

"நீ இல்லாத ரெண்டு வாரமும் நான் கடைகண்ணிக்குப் போய்ட்டு வரேன். ராத்திரி இங்கேயே படுத்துக்கறேன்," என்றாள் நோரின். "உன் அம்மா குறட்டையை நான் தாங்கிக்குவேன். நீ கிளம்புடி. இல்லேன்னா இந்தச் சோபாவுலயே முளைச்சுப் போயிடுவ."

முந்தின வருஷம் ஸ்கார்பரோவில் ஒரு ஹோட்டல் வேலை வந்தது. அப்போது அம்மா மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். இந்த முறை அவள் பட்டினி கிடக்கவில்லை. டிவியைப் பார்த்தபடியே சாவதானமாகச் சொன்னாள்.

"சரி, போ. சாலி எப்ப வெளிய வர்றாளோ, அதுக்கு மறுநாள் நீயும் போ. கேட் வரைக்கும் நானே வந்து உன்னை வழியனுப்பறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. நோரின், நீதான்டி சாட்சி."

சாலி வெளியே வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நோரினுக்கும் தெரியும். நான் மாடிக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் அடைத்துக் கத்தினேன்.

அந்த மாசக் கடைசியில், விளம்பரத்துக்கு நடுவே, சேனல் அறிவிப்புக்காரன் உற்சாகமாகக் கூவினான்: கோபுரக் கதையின் புத்தம் புதிய பகுதிகள், இதுவரை காணாத முடிவு! அம்மா கையிலிருந்த பிஸ்கட் பாதியில் உடைந்து டீயில் விழுந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் முகத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். எந்தச் சனிக்கிழமை சேருகிறாய் என்று கப்பல் அலுவலகத்தில் கேட்டபோது, டிவி பத்திரிகையைப் புரட்டி, கடைசிப் பகுதி எந்த வெள்ளிக்கிழமை என்று பார்த்துவிட்டுத்தான் தேதி சொன்னேன். உலகத்தில் இப்படி நாள் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஐந்து மணிக்கு வீட்டில் இருக்க முடியாமல் போனது. கப்பலுக்குக் கறுப்பு ஷூ வேண்டும். எனக்கு வேண்டிய அளவு மறுபடி வர வெள்ளி மதியம் ஆகும் என்று கடைக்காரி சொல்லியிருந்தாள். அதனால் வீடியோவில் புதுக் கேசட்டைப் போட்டு நேரம் குறித்து வைத்தேன். எங்கள் ஊர் வீடுகளில் இந்த விஷயத்தில் நடந்த சண்டைகளுக்கு அளவே இல்லை: சாட்டிலைட் பெட்டியில் எந்தச் சேனல் ஓடுகிறதோ, அதைத்தான் வீடியோ பதிவு செய்யும். யாராவது சேனலை மாற்றினால் கேசட்டிலும் மாறிவிடும். அதனால் 'பதிவு ஓடுது, தொடாதே' என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிமேல் ஒட்டினேன். ஒட்டும்போது அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

"நான் ஏன்டி தொடப்போறேன்?" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ் நெரிசலில் சிக்கிக்கொண்டது. சிப்ஸ் கடையில் இறங்கி, ரெண்டு பேருக்கும் உருளைக்கிழங்கு வடையும் சிப்ஸும் காகிதத்தில் சுற்றி வாங்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. கதவை மூடு என்ற குரல் வரவில்லை. அம்மா கைகளை மடியில் வைத்து, அணைந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி முடிஞ்சுது? வேண்டாம், வேண்டாம், சொல்லாதே! நான் பார்க்கறேன்."

"லோர்னா, ஒரு தப்பு நடந்து போச்சு. நோரின் வந்தா. அவ சேனலை மாத்திட்டா."

நான் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டிப் போட்டேன். பாட்டு வந்தது. கோபுரம் வந்தது. சாலி தாழ்ப்பாளில் கை வைத்தாள். தகரடப்பா திரும்பியது. அப்போது திரையின் மூலையில் ஒரு எண் தோன்றியது. அதற்கு அடுத்து இன்னொன்று. கொஞ்சம் யோசித்து மூன்றாவது. உடனே ஒரு ஆள் சிரித்த முகத்தோடு சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தான். வாங்குகிறீர்களா, நீராவி இஸ்திரிப் பெட்டி, இன்றைக்கு மட்டும். கேசட்டை வேகமாக முன்னுக்கு ஓட்டினேன்; மீதி அரை மணி நேரமும் அவன் இஸ்திரிதான் போட்டான்.

பின்கதவு திறந்தது. நோரின் கையில் பழைய சூட்கேஸ். "இந்தா லோர்னா, சக்கரம் ஒண்ணு ஆடுது, பார்த்து இழு. ஏன், என்ன மூஞ்சி ரெண்டு பேருக்கும்?"

"நீங்க அஞ்சு மணிக்கு இங்க வந்தீங்களா ஆன்ட்டி?"

"நானா? நான் பிங்கோ விளையாடற ஹால்ல இல்ல இருந்தேன்! இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன்." இஸ்திரிக்காரனைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அடி இவோன்," என்று மட்டும் சொல்லி, சூட்கேஸைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

நோரினுக்கு எந்தச் சேனலின் எண்ணும் தெரியாது. அம்புக்குறியை அமுக்கி அமுக்கி ஒவ்வொன்றாகத்தான் தாண்டுவாள். கட்டைவிரலால் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அமுக்குகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான். ரிமோட் இப்போதும் அவள் கார்டிகன் பையில் புடைத்துக்கொண்டு நின்றது.

"பெட்டி தானா மாறிடுச்சோ என்னவோ," என்று அம்மா பூசி மெழுகப் பார்த்தாள்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. "பார்க்கப் பிடிக்கலைன்னா கண்ணை மூடிக்கிட்டிருக்க வேண்டியதுதானே? எனக்கு வந்த ஒரே ஒரு முடிவு, அதையும் நீ இஸ்திரி போட்டுட்டியே! நீ வெளிய போக வேண்டாம்மா. நான் என்னைக்காவது உன்னைத் திட்டினேனா? இழுத்தேனா? நான் போறதுக்கு மட்டும் ஏன் குறுக்க நிக்கிற?"

"முடிவை நீ பார்க்கலைன்னா, இன்னும் முடியலைன்னு இருக்கும்ல," என்றாள் அம்மா. "நீ போயிட்டா யார்டி எனக்கு வெளிய இருக்கறதெல்லாம் சொல்லுவா? அந்த வரிசை, அந்த நாய், மழை பெய்யுதா இல்லையா... எனக்கு ஜன்னலே நீதான்டி."

ஒரு மனுஷியை ஜன்னல் என்று சொல்வதும் பாசம்தான். எனக்கு அந்த நேரத்தில் அது கழுத்தில் கை வைத்த மாதிரி இருந்தது. கையிலிருந்த சிப்ஸ் பொட்டலத்தை மேஜைமேல் எறிந்தேன். எறிந்தபோது வீடியோவின் கடிகாரம் கண்ணில் பட்டது. ஆறு ஆகியிருந்தது.

எங்கள் நாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு சேனலில் தவறவிட்டதை ஒரு மணி நேரம் கழித்து அப்படியே காட்ட, அதே பெயரில் பக்கத்திலேயே இன்னொரு சேனல் வைத்திருப்பார்கள். அம்மா குளிக்கப் போகிற நாளெல்லாம் சாலியை அதில்தான் பார்ப்போம். ஆறுக்குள்கூட வீடு வந்து சேர முடியாமல் போகலாம் என்றுதான் கேசட் போட்டிருந்தேன்; கோபத்தில் அந்தச் சேனலே மறந்துபோயிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"ரிமோட்டைக் குடு."

"அது உனக்கு ஞாபகம் வராதுன்னு நினைச்சேன்," என்றாள். பையிலிருந்து எடுத்துக் கொடுக்க அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் சோபாவின் ரெண்டு ஓரத்தில் உட்கார்ந்து, ஆறிப்போன வடையைத் தொடாமல் பார்த்தோம். சாலி தாழ்ப்பாளில் கை வைத்தாள். தகரடப்பா எழுந்து குறுக்கே வந்தது. "வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு வேண்டாம்."

"நான் நேற்று கூரைக்கு ஏறினேன்," என்றாள் சாலி. "தண்ணீர் இல்லை. புல்தான் இருக்கிறது. எவ்வளவு நாளாகப் புல்?"

தகரடப்பா நின்றுகொண்டே இருந்தது, சாலி காத்துக்கொண்டே இருந்தாள். படம் வரைகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லையோ என்று தோன்றுகிற அளவுக்கு ஒரே படம் அசையாமல் நின்றது. கடைசியில் "ரொம்ப நாளாக," என்றது தகரடப்பா. "நீ போய்விட்டால் நான் எதைக் காப்பேன்?"

தாழ்ப்பாள் இழுபட்டது. திரை முழுக்க வெள்ளை. பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்வளவுதானா?" என்று கத்தினேன். "இத்தனை வருஷம் உட்கார வச்சுட்டு, வெள்ளையடிச்சுக் காட்டறானா?"

"அவ வெளிய வந்ததைக் காட்டவே இல்லையே," என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் கேட்டேன்.

அதற்குள் எங்கள் சேனல்காரர்கள் எப்போதும் செய்கிற காரியத்தைச் செய்தார்கள். பெயர்கள் ஓடும் படத்தை நசுக்கி, தபால்தலை அளவில் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டு, அறிவிப்புக்காரன் அடுத்து வரும் நிகழ்ச்சியைப் பற்றிக் கூவத் தொடங்கினான். அந்த மூலையில் வெள்ளை மெல்லக் கரைந்து பச்சையானது. எழுத்துகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

அம்மா சோபாவிலிருந்து இறங்கி, முழங்காலில் தவழ்ந்து போய், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி டிவிமுன் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பச்சைச் சரிவு ஒன்று. அதில் ஒரு புள்ளி இறங்கிப் போனது. அது சாலிதான், அவளுடைய மஞ்சள் கோட்டு. மேலே கோபுர வாசல். அங்கே தகரடப்பா நின்றது, காற்றில் சாத்திக்கொள்ளாமல் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. புள்ளி போய் மறைந்தது. தகரடப்பா கதவை விடவில்லை. கார் இன்சூரன்ஸ் விளம்பரம் வந்து எல்லாவற்றையும் விழுங்கும்வரை விடவில்லை.

அம்மா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"இத்தனை நாளா நான் அந்தப் பொண்ணுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்டி," என்றாள். "நான் அந்தத் தகரடப்பா."

இல்லைம்மா என்று சொல்லியிருக்கலாம். நல்ல மகளாக இருந்தால் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, அதோடு அது உண்மையும்கூட. நான் வடையைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன். தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு, சக்கரம் ஆடுகிற சூட்கேஸை மாடியிலிருந்து இறக்கினேன். அம்மா நடையில் நின்றாள். முடியைச் சீவி, உதட்டுச்சாயம்கூடப் பூசியிருந்தாள். மிதியடிமேல் ரெண்டு காலையும் வைத்து, முன்கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தாள். அந்தக் கதவை அவள் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. விரல்கள் வெளுத்துப்போயின. மூச்சை எண்ணுவது எனக்குக் கேட்டது.

"கேட் வரைக்கும் வர்றேன்னு சொன்னேன்," என்றாள். "முடியாதுடி."

"பரவாயில்லைம்மா."

"பரவாயில்லைன்னு சொல்லாதே. முடியாதுன்னுதான் சொன்னேன், பரவாயில்லைன்னு சொல்லலை." கதவை இழுத்துத் திறந்தாள். ஜனவரிக் காற்று நேராக உள்ளே வந்து, நடையில் மாட்டியிருந்த கோட்டுகளை ஆட்டியது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள், ஆனால் கதவை விடவில்லை. "கப்பல்ல யார் யார் இருக்காங்கன்னு போன்ல சொல்லு. ஆனா வாரத்துக்கு ஒரு தடவை போதும். தினமும் கேட்டா எடுக்காதே."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வெளியே இறங்கினேன். சின்ன வயதிலிருந்து ஊறிப்போன பழக்கம், கை தானாகப் பின்னால் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தது.

"மூடாதே," என்றாள் அம்மா. "நான் பிடிச்சுக்கறேன். நீ போ."

சூட்கேஸ் தடதடவென்று நடைபாதையில் இழுபட்டு வந்தது. நோரின் மாடி ஜன்னலைத் திறந்து, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு எட்டிப் பார்த்தாள். "அடி இவோன்! ஹீட்டர் சூடெல்லாம் தெருவுக்குப் போகுதுடி! கதவைச் சாத்து!"

"போகட்டும்டி!" என்று அம்மா கத்தினாள். அழுகிற குரல்தான், ஆனால் தெருக்கோடிவரை கேட்டது.

நான் மூலை திரும்பும்வரை கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.